நொட்டாங்கைக் காபிக்காரி

பாபெத் லோர்மியே தன் ஆயுசில் பொய்ச் சத்தியம் செய்தது ஒரே ஒரு தடவை. அதையும் அது பொய் என்று தெரியாமல், ஊரைக் கூட்டிவைத்து, உரக்கச் செய்தாள். அவள் எதையும் மெல்லச் சொல்லிப் பழகியவள் அல்ல. விடிகாலை ஐந்து மணிக்கு பாரிஸ் சான் ஜாக் தெருவின் வண்டிச் சத்தத்துக்கு மேலே அவள் குரல் எழும்பினால்தான் அன்றைக்கு அவள் வீட்டில் அடுப்பு எரியும்.

முதுகில் ஒரு தகரக் கொப்பரையைத் தோல்வாரால் கட்டிக்கொண்டிருப்பாள். அதன் குழாய் வலது இடுப்பின் அருகே எட்டிப் பார்க்கும். வலது கையால் குழாயைத் திறந்து, இடது கையில் பிடித்த மண்குவளையில் பால் காபி பிடித்துக் கொடுப்பாள். கொத்தனார்கள், அச்சுக்கூடத்து ஆட்கள், சலவைக்காரிகள், தண்ணீர் சுமப்பவர்கள் என்று வேலைக்குப் போகும் சனமெல்லாம் நின்றபடியே குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகும். பாதி பால், பாதி காபி என்பது அவள் கணக்கு. அதில் பால் எவ்வளவு என்று பால்காரனைக் கேட்டால் அவன் வேறு பேச்சுக்குப் போய்விடுவான். சூடாக இருக்கும் என்பதை மட்டும் யாரும் மறுத்ததில்லை.

அவளுக்கு ஒரு புருஷன் இருந்தான். கூரை வேலை செய்பவன். பதினாறு வருஷத்துக்கு முன்னால் சான் ஜெர்மேன் சந்தைக்கு வந்த கூத்துக் கூட்டத்தில் முரசடிப்பவனுக்கு வயிற்றுவலி என்று ஒருநாள் மாற்றாளாகப் போனான். "இன்னும் வயித்துவலி தீரல போல" என்று பாபெத் சொல்வாள். அதற்கு மேல் அவனைப் பற்றி அவள் பேசிக் கேட்டவர்கள் இல்லை.

புருஷன் போனதைப் பொறுத்துக்கொண்டவள், இடம் போவதைப் பொறுத்துக்கொள்ள மாட்டாள். அவள் நிற்கும் இடம் அப்படிப்பட்டது. தெருமுனையில் ஒரு நீரூற்று. நடுவில் சப்பை மூக்குச் சிங்க முகம் ஒன்று தண்ணீர் துப்பிக்கொண்டிருக்கும். தெருவிலிருந்து அதைப் பார்த்து நின்றால், வலப்பக்கம் மெழுகுவத்திக் கடையின் கூரை நாலு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மழை விழாது. பாலத்துக்கு இறங்கும் சனம் அந்தப் பக்கமாகத்தான் போகும். இடப்பக்கத்தில் சாக்கடை. அதற்கு நேர் மேலே மூன்றாம் மாடியில் ஒரு ஜன்னல். அதிலிருந்து காலையில் என்ன விழும், எப்போது விழும் என்பதைச் சொல்ல முடியாது. "தண்ணி, பாத்து" என்ற எச்சரிக்கை பெரும்பாலும் தண்ணீருக்குப் பின்னால்தான் வரும்.

வலப்பக்கம் பாபெத்துடையது. இடப்பக்கம் ஜோலிகேருடையது.

ஜோலிகேர் பழைய சிப்பாய். அந்தப் பெயரே பட்டாளத்தில் வைத்ததுதான். அழகிய மனசுக்காரன் என்று பொருள். ஆறடி உயரம், கரடி மாதிரிப் புருவம், இடது முழங்காலுக்குக் கீழே மரக்கால். கழுத்தில் தொங்கும் பெட்டியில் சாராயக் குப்பிகளை அடுக்கிக்கொண்டு, விடியலில் குளிருக்கு ஒரு மடக்கு விற்பான். போரில் கால் போனவன் என்று அரசாங்கம் கொடுத்த சான்றிதழ் ஒன்று அவன் சட்டைக்குள் எப்போதும் இருக்கும். அதைக் காட்டினால் தெருவில் விற்க அவனை யாரும் தடுக்க முடியாது. பேச்சில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல நினைத்தால் மரக்காலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டுவான். சாதாரண நாளில் நாற்பது ஐம்பது தடவை தட்டுவான்.

ஒன்பது வருஷமாக அவனுக்கு ஒரே ஆசை: அந்தக் கூரை. மழை நாளில் தொப்பியிலிருந்து நீர் சொட்ட, எதிர்ப்பக்கம் உலர்ந்து நிற்கும் பாபெத்தைப் பார்த்தபடி நிற்பான்.

"போர்ல காலக் குடுத்தவன் சாக்கடையில நிக்கறேன். காபி ஊத்தறவ கூரைக்குக் கீழ நிக்கறா. ராஜாவுக்குத் தெரிஞ்சா அழுவாரு."

"சொல்லி அனுப்பேன் அண்ணே. அழும்போது தொடைச்சுக்க என் முந்தானையத் தரேன்" என்பாள் பாபெத்.

இப்படி ஒன்பது வருஷம் போனது. பத்தாவது வருஷ வசந்தத்தில்தான் தெர்வியே வந்து சேர்ந்தான்.

தெர்வியே செம்புத் தகட்டில் படம் செதுக்குபவன். அதே தெருவில், கொஞ்சம் மேலே, மாடியில் அவன் பட்டறை. தெருவில் கூவி விற்பவர்களை வரிசையாகப் படம் போட்டு விற்பது அப்போது நல்ல வியாபாரம். துடைப்பம் விற்பவன், எலிப்பொறி விற்பவன், சிப்பி விற்பவள் எல்லாரும் தாளில் ஏறிப் பெரிய மனிதர்களின் வீட்டுச் சுவருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சிப்பிக்காரியை வாசலில் ஏற்றாத வீட்டுக்கு அவள் படம் கூடம் வரைக்கும் போனது. பால் காபிக்காரியை மட்டும் யாரும் இன்னும் சரியாகப் போடவில்லை என்று தெர்வியேவுக்குத் தோன்றியது.

நான்கு நாள் காலையில் அவன் எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்று வரைந்தான். கூலி கிடையாது. அவனே நாலு குவளை காபியை ஓசியில் குடித்ததுதான் மிச்சம். கூவுகிற மாதிரி வாயைத் திறந்து வைக்கச் சொன்னான். பாபெத் வாயை இறுக மூடிக்கொண்டாள். நாள் முழுக்கத் திறந்த வாய்தான், ஆனால் படத்தில் மூடியிருக்க வேண்டும், மூடிய வாய்க்குத்தான் மரியாதை என்பது அவள் கட்சி. தெர்வியே கெஞ்சிப் பார்த்தான். கடைசியில் பாதி திறந்த வாயில் இருவரும் உடன்பட்டார்கள்.

இரண்டாம் நாள் ஜோலிகேர் வந்து தன்னையும் போட வேண்டும் என்றான். பழைய சிப்பாய் ஒருவன் பின்னால் நின்றால் படம் விலைபோகும் என்று தெர்வியே கணக்குப் போட்டு, நீரூற்றின் அந்தப் பக்கத்தில் அவனைக் கட்டைவிரல் அளவுக்கு வரைந்தான். வீடுகளை வரையவில்லை. கூரையையும் வரையவில்லை. வீடு செதுக்கினால் கைவலி, மேகம் செதுக்கினால் அரைநாள் வேலை என்று பின்னால் மேகத்தைப் போட்டு முடித்தான்.

ஒரு மாதம் கழித்துப் படம் அச்சாகி, கடை வாசலில் கயிற்றில் கவ்வி போட்டுத் தொங்கியது. தெரு முழுக்கப் போய்ப் பார்த்தது. பாபெத் கொப்பரையோடு போனாள்.

அதை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தாள். அதுவே ஒரு செய்தி. படத்தில் முந்தானை துவைத்து மடித்தது போல வெளுத்திருந்தது. இடுப்பு இருந்தது. முகம் அவள் முகமேதான். கன்னத்து மச்சம்கூட, அவள் தினமும் பார்க்கிற அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

"அக்கா, மச்சம் கன்னம் மாறிடுச்சே" என்றாள் பக்கத்தில் நின்ற சலவைக்காரி சூசோன்.

"எங்க மாறிடுச்சு? சரியாத்தான இருக்கு."

"உனக்கு அந்தப் பக்கம். இதுல இந்தப் பக்கம்."

"சூசோன், இது யார் மூஞ்சி? என் மூஞ்சி எனக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா? இருபது வருஷமா தினம் காலையில கண்ணாடியில பாக்கறேன்."

முடிதிருத்துபவர் தூக்கிப்போட்ட கண்ணாடித் துண்டு ஒன்று அவள் ஜன்னலோரத்தில் மூன்று ஆணியில் நிற்கும். அதைத்தான் சொன்னாள். ஆனால் விஷயம் சூசோனோடு நிற்கவில்லை. தண்ணீர் சுமப்பவர்களில் ஒருவன், ஏதோ கோணலாக இருக்கிறதே என்றான். கொத்தனார் ஒருவர், ஆள் சரி, ஆனால் வேற ஆள் மாதிரி இருக்கு என்றார். படத்தை ஒருவன் வலமாகச் சாய்த்துப் பார்த்தான், இன்னொருவன் எட்ட நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். யாருக்கும் என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

பாபெத்துக்கு ஆத்திரம் வந்தது. நாற்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக ஒருவன் அவளை இடுப்போடு வரைந்திருக்கிறான், இதுகளுக்குப் பொறுக்கவில்லை. கையை உயர்த்தினாள்.

"சான் செவெரின் மேல சத்தியமாச் சொல்றேன். இந்தப் படத்துல ஒரு கோடுகூடப் பொய் இல்ல. எல்லாம் இருந்தது இருந்தபடி இருக்கு."

பேட்டையின் காவல் புனிதர் மேல் சத்தியம் செய்தபிறகு யார் என்ன சொல்ல முடியும்? கூட்டம் கலைந்தது. ஜோலிகேர் மட்டும் கொஞ்ச நேரம் நின்றான். தன்னைக் கட்டைவிரல் அளவில் போட்டதற்காகத் தெர்வியேவை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தவன், திட்டுவதை நிறுத்தினான். நீரூற்றைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். பிறகு, வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு படத்தைக் காசு கொடுத்து வாங்கினான்.

அந்தக் கோடையில் பேட்டைக்குப் புதுக் காவல் அதிகாரி வந்தார். பெலார் என்று பெயர். எதையும் எழுத்தில் வைக்க வேண்டும் என்பவர். நீரூற்றைச் சுற்றிச் சண்டை, குடம் வைக்க இடமில்லை, வண்டி போக வழியில்லை என்று புகார்கள் குவிந்திருந்தன. அவர் ஒரே உத்தரவில் தீர்த்தார்: யார் எந்த இடத்தில் நெடுங்காலமாக நிற்கிறார்களோ அது அவர்களுக்கு, பெயரும் இடமும் பதிவேட்டில் ஏறும், அதற்குப் பிறகு யாரும் மாறக் கூடாது.

ஜோலிகேர் முதல் ஆளாகப் போய், வலப்பக்கம் தனக்கு என்று எழுதச் சொன்னான்.

பாபெத் விஷயம் கேட்டுச் சிரித்தாள். நூறு சாட்சி இருக்கிறார்கள் என்றாள். இருந்தார்கள்தான். காபி குடிப்பவர்கள் எல்லாரும் வலப்பக்கம் அவளுடையது என்றார்கள். சாராயம் குடிப்பவர்கள் எல்லாரும் வலப்பக்கம் அவனுடையது என்றார்கள். காலையில் இரண்டையும் குடிக்கிறவர்கள் கேட்கிற ஆளைப் பார்த்துச் சொன்னார்கள். மெழுகுவத்திக் கடைக்காரர் யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாமல் மூன்று நாள் கடையைச் சாத்திவிட்டு மச்சினி வீட்டுக்குப் போய்விட்டார். அதிகாரி பெலார், வாயால் சொல்லும் சாட்சி தமக்குப் போதாது என்றார்.

அப்போது ஜோலிகேர் படத்தை எடுத்து மேசைமேல் விரித்தான். நடுவே நீரூற்று. இடப்பக்கம் காபிக்காரி. வலப்பக்கம், சிறியதாக, சாராயக்காரன். "அவளே செவெரின் மேல சத்தியம் பண்ணியிருக்கா முசியே, ஒரு கோடுகூடப் பொய் இல்லன்னு. தெருவே கேட்டுச்சு" என்று மரக்காலைத் தட்டினான்.

வெள்ளிக்கிழமை காலை விசாரணை என்று பாபெத்துக்கு ஆள் வந்தது. அன்று புதன்.

அவள் கொப்பரையை இறக்காமலே தெர்வியேவின் மாடிக்கு ஏறினாள். நாற்பத்தெட்டுப் படி. ஒவ்வொரு படிக்கும் ஒரு வசவு தயாராக வைத்திருந்தாள். மேலே போனபோது தெர்வியே உருளையைச் சுழற்றி அச்சடித்துக்கொண்டிருந்தான். ஜன்னலோரம் செம்புத் தகடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வெயில் பட்டு மின்னியது. அதில் பாபெத் நின்றாள், வலப்பக்கமாக. மச்சம் மறு கன்னத்தில். அந்தத் தகட்டிலிருந்து அப்போதுதான் உரித்த ஈரத்தாளில் இடப்பக்கமாக நின்றாள்.

பாபெத் தகட்டைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். வசவெல்லாம் மறந்துபோனது.

"தகட்டுல செதுக்கினா தாள்ல திரும்பித்தான் விழும்" என்றான் தெர்வியே, காய்ந்த ரொட்டி கெட்டியாக இருக்கும் என்று சொல்கிற தொனியில். முத்திரை குத்தினால் எப்படி, அப்படித்தான். கவனமானவர்கள் கண்ணாடியில் பார்த்துத் தகட்டிலேயே திருப்பிச் செதுக்குவார்கள். அதற்கு இரட்டை வேலை.

"கீழ எழுத்து இருக்கே. அது மட்டும் ஏன் திரும்பல?"

எழுத்துக்குத் தனி ஆள் இருக்கிறான், அவன் தகட்டிலேயே திருப்பி எழுதுவான் என்று தெர்வியே விளக்கினான். பாபெத் விடவில்லை. எழுத்துக்கு ஆள் வைத்தவன் ஆளுக்கு ஏன் வைக்கவில்லை என்று கேட்டாள்.

தெர்வியே மையைத் துடைத்துக்கொண்டே யோசித்தான். அவன் கெட்டவன் இல்லை, அவசரக்காரன். "எழுத்து திரும்பியிருந்தா வாங்கினவரு அன்னைக்கே திருப்பிக் கொண்டாந்து குடுத்துடுவாரும்மா. காபி விக்கறவ திரும்பியிருந்தா யாரு பாக்கறா?"

இதையே வந்து அதிகாரியிடம் சொல் என்றாள். அவன் கையெடுத்துக் கும்பிடாத குறை. சோம்பேறித்தனத்தைச் சபையில் ஒப்புக்கொண்டால் தொழில் போச்சு. தவிர, அதிகாரியின் மனைவியே இரண்டு படம் வாங்கிக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். தகட்டையாவது கொடு என்று பாபெத் கேட்டாள். இன்னும் முந்நூறு அச்சடிக்க வேண்டும் என்று தகட்டை மார்போடு அணைத்துக்கொண்டான்.

பாபெத் நாற்பத்தெட்டுப் படியும் இறங்கி வீட்டுக்குப் போனாள். ஜன்னலோரக் கண்ணாடித் துண்டின் முன்னால் நின்றாள். வலது கையால் வலது கன்னத்து மச்சத்தைத் தொட்டாள். கண்ணாடிக்குள் இருந்தவள் நொட்டாங்கையால் தன் மச்சத்தைத் தொட்டாள். பாபெத் கையை எடுத்தாள். அவளும் எடுத்தாள். இருபது வருஷமாக ஒரு நொட்டாங்கைக்காரியோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன், இவள்தான் நான் என்று நினைத்துக்கொண்டு, என்று பாபெத்துக்குத் தோன்றியது. அப்படியானால் தெருவில் எல்லாரும் பார்க்கிறார்களே ஒருத்தி, அவளை நான் ஒருநாள்கூடப் பார்த்ததில்லையா? சூசோன் பார்த்திருக்கிறாள். ஜோலிகேர் தினமும் பார்க்கிறான். தனக்கு மட்டும்தான் அவளைத் தெரியாது.

இந்த யோசனை அவளுக்குப் பிடிக்கவில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வீட்டு முன்கூடத்தில் நிற்க இடமில்லை. மேசையில் பெலார், பக்கத்தில் குமாஸ்தா, நடுவில் படம். ஜோலிகேர் முகம் மழித்து, மார்பில் சான்றிதழைக் குத்திக்கொண்டு வந்திருந்தான். மெழுகுவத்திக் கடைக்காரரும் மச்சினி வீட்டிலிருந்து திரும்பிவந்து கடைசியில் நின்றார், தீர்ப்பை மட்டும் கேட்டுவிட்டுப் போகலாம் என்று.

சத்தியம் செய்தது உண்டா என்று அதிகாரி கேட்டார். உண்டு என்றாள் பாபெத். ஒரு கோடுகூடப் பொய் இல்லை என்று சொன்னது உண்டா? உண்டு. பிறகு செம்புத் தகட்டின் கதையைச் சொன்னாள். தகட்டில் வலம் என்றால் தாளில் இடம், முத்திரை மாதிரி, என்று முத்திரை குத்திக் காட்டினாள். கூட்டம் அவளையே பார்த்தது. சாராயம் குடிப்பவர்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.

அதிகாரி படத்தின் அடியில் விரலை வைத்தார். "'பாரிஸின் பால் காபிக்காரி.' எழுத்து ஒழுங்காத்தான் இருக்கு. நான் இடப்பக்கத்திலேருந்துதான் படிக்கறேன். நீ சொல்ற மாதிரி எல்லாம் திரும்பினா, எழுத்து எப்படிம்மா திரும்பாம நின்னுச்சு?"

"எழுத்துக்கு மட்டும் தனி ஆள் வெச்சிருக்காங்க முசியே."

"மனுஷங்களுக்கு வெக்கலியா?"

"வெக்கலியாம்."

குமாஸ்தாவே சிரித்துவிட்டார். எழுத்தை அவ்வளவு கவனித்தவன் ஆட்களை இடம் மாற்றி வைப்பானா என்று அதிகாரி கேட்டார். செதுக்கியவன் வந்து சொல்லட்டும் என்றார். வரமாட்டான் என்று சொல்ல வேண்டியிருந்தது. குமாஸ்தா பேனாவை மையில் தொட்டார். மூன்றாம் மாடி ஜன்னலும் சாக்கடையும் பாபெத்தின் கண்முன் வந்து நின்றன. ஒரு தடவை மெழுகுவத்திக் கடைக்காரர் கூரையைப் பழுதுபார்த்த வாரம் அந்தப் பக்கம் நின்றிருக்கிறாள். காபியில் என்ன விழுந்தது என்பதை அவள் இன்றுவரை சூசோனிடம்கூடச் சொன்னதில்லை.

ஜோலிகேரால் அடக்க முடியவில்லை. "படம் பேசுது முசியே" என்றான், "படத்துக்கு யார்கிட்டயும் பகை கிடையாது." மரக்காலை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். மைக்கூடு குதித்தது.

பாபெத் அந்தக் காலைப் பார்த்தாள். பத்து வருஷமாகக் கேட்டுவரும் சத்தம். பிறகு மேசைக்குக் கிட்டே போய்ப் படத்தில் குனிந்தாள், கட்டைவிரல் அளவு மனிதனின் மேல் மூக்கு படுகிற வரைக்கும். எல்லாரும் அவள் மச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவனை யாரும் பார்க்கவே இல்லை. அவனே பார்க்கவில்லை. தன் அளவைப் பார்த்த கோபத்தில் மற்றதைப் பார்க்காமல் விட்டுவிட்டான்.

"ஜோலிகேர் அண்ணே" என்றாள். ஆச்சரியப்படும்படி மெல்லத்தான் சொன்னாள். "உனக்கு எந்தக் கால் போச்சு?"

"என்ன கேள்வி இது. இடது. ஊருக்கே தெரியும்."

"படத்துல வலது போயிருக்கு."

அதிகாரி படத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மேசையைச் சுற்றி வந்து ஜோலிகேரின் முன்னால் நின்றார். குனிந்தார். அவனைப் படத்தில் நிற்கிற மாதிரி நேராக நிற்கச் சொன்னார். தாளைப் பார்த்தார், காலைப் பார்த்தார், மறுபடி தாளை. கூட்டத்தில் பின்வரிசைக்காரர்கள் முன்வரிசைக்காரர்களின் தோளில் ஏறினார்கள்.

"கால மட்டும் தப்பாப் போட்டுட்டான் போல முசியே" என்றான் ஜோலிகேர். "சின்னதாப் போட்டதுல கை வழுக்கியிருக்கும். இடம் சரிதான்."

"படத்துக்கு யார்கிட்டயும் பகை இல்லன்னு நீதான் சொன்ன."

"சொன்னேன்."

"அப்ப படம் உண்மை. உனக்கு வலது கால் கிடையாது." அதிகாரி அவன் மார்பிலிருந்த சான்றிதழை வாங்கி நிதானமாகப் படித்தார். "இதுல இடது காலுன்னு ராஜாங்க முத்திரையோட எழுதியிருக்கு. படம் உண்மைன்னா இது பொய்ச் சான்றிதழ். அதுக்கு நான் வேற இடத்துக்கு எழுதணும். எதை வெச்சுக்கறே, சொல்லு. படத்தையா, காலையா?"

ஜோலிகேரின் புருவம் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து யோசித்தன. பிறகு அவன் கையை நீட்டி, சாட்சியாக வைத்த படத்தைத் திரும்ப எடுத்தான். நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான்.

"படம்னா அப்படித்தான் முசியே. நம்பற மாதிரி இருக்காது."

வலப்பக்கம் பாபெத் லோர்மியே, இடப்பக்கம் ஜோலிகேர் என்று பதிவேட்டில் ஏறியது. மெழுகுவத்திக் கடைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தாம் ஆரம்பத்திலிருந்தே அதைத்தான் சொல்ல இருந்ததாகச் சொன்னார்.

எல்லாரும் கிளம்பும்போது அதிகாரி பாபெத்தை நிறுத்தினார். ஒரு விஷயம் பாக்கி இருந்தது. எழுத்தில் எல்லாம் நேராக இருக்க வேண்டும். அவள் செய்த சத்தியத்தை என்ன என்று எழுதுவது?

பாபெத் முந்தானையின் நுனியைத் திருகினாள். படத்தில் இடுப்போடு இருந்த அந்த வெள்ளை முந்தானைக்காரியை ஊர் முன்னால் விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கூரையைக் காப்பாற்றிக்கொண்டதற்கு அதுதான் விலை என்று அவளுக்குப் புரிந்தது.

"பொய் சொல்லல முசியே. கண்ணாடியில நான் பாக்கற மூஞ்சி அது. நீங்கல்லாம் பாக்கற மூஞ்சி வேற. அத நான் பாத்ததில்ல." கொஞ்சம் நிறுத்திச் சேர்த்தாள்: "சூசோன் சொன்னது சரி. மச்சம் இந்தப் பக்கம்தான்."

சூசோன் கூட்டத்தில் இருந்தாள். அன்று முதல் இரண்டு வாரம் அவளோடு பேச முடியவில்லை, அவ்வளவு பெருமை.

தெரியாமல் செய்த சத்தியத்துக்குச் சான் செவெரின் கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிடு என்று அதிகாரி முடித்துவைத்தார். பாபெத் இரண்டு ஏற்றினாள், பீடத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. எந்தப் பக்கத்திலிருந்து புனிதர் பார்க்கிறார் என்பது யாருக்குத் தெரியும்?

தெர்வியே முந்நூறும் அச்சடித்தான். விசாரணைக் கதை பரவியதில் அதற்கு மேலும் அச்சடித்தான். அதனால் பாபெத்துக்கும் ஜோலிகேருக்கும் ஒரு புதுத் தொல்லை வந்தது. படத்தை வாங்கிய பெரிய மனிதர்கள் சிலர், அசலைப் பார்க்க வேண்டும் என்று காலையில் வண்டியில் வந்து இறங்கினார்கள். கையில் படம். படத்தில் காபிக்காரி இடப்பக்கம் நிற்பதால் நேரே இடப்பக்கம் போனார்கள். அங்கே கரடிப் புருவத்தோடு ஜோலிகேர் நின்றான். மூன்றாம் மாடி ஜன்னலைப் பற்றி அவன் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. நனைந்த பிறகு குளிருக்கு ஒரு மடக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, மரக்காலால் எதிர்ப்பக்கத்தைக் காட்டுவான்.

"நீ அவங்கள எங்கிட்ட அனுப்பறியா, இல்ல நனைச்சு அனுப்பறியா?" என்று பாபெத் கேட்டாள்.

"ரெண்டும்தான். நனைஞ்சவங்களுக்குச் சூடாக் காபி வேணும்ல. உனக்கு வியாபாரம் பண்ணித் தரேன், நன்றி இருக்கா?"

அதில் நியாயம் இருந்தது. மழை ரொம்பப் பலத்தால் அவன் கூரைக்குள் ஓர் ஓரமாக வந்து நின்றுகொள்ளலாம் என்று அந்த ஐப்பசிக் குளிரில் பாபெத் இறங்கி வந்தாள். பதிவேட்டில் அது ஏறவில்லை.

ஒரு நாள் காலை, சுருட்டைப் பொய்முடி வைத்த கனவான் ஒருவர், தொப்பியிலிருந்து நீர் சொட்ட, படத்தோடு வந்து நின்றார். அவளைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். ஏமாற்றம் முகத்தில் தெரிந்தது. பாபெத் வலது கையால் குழாயைத் திறக்கப் போனாள். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"இல்லம்மா, இல்ல. நீ நொட்டாங்கைக்காரி. இதோ பாரு, படத்துல இருக்கு."

செம்புத் தகட்டைப் பற்றிச் சொல்லலாம். முத்திரை குத்திக் காட்டலாம். பின்னால் பதினோரு கொத்தனார்கள் வேலைக்கு நேரமாகி நின்றார்கள். பாபெத் ஒரு பெருமூச்சு விட்டு, குவளையை வலது கைக்கு மாற்றினாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் சுற்றி, தன் வாலைத் தானே பிடிக்கப் பார்க்கும் நாய் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, வலது இடுப்பிலிருந்த குழாயை எப்படியோ திறந்தாள். பாதி குவளையிலும் பாதி கனவானின் காலணியிலும் விழுந்தது.

"ஆகா" என்றார் அவர், படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து. "அப்படியே இருக்கு."

சாக்கடையின் அந்தப் பக்கத்திலிருந்து மரக்கால் தட்டும் சத்தம் கேட்டது. ஒரு தடவை அல்ல, சிரிப்பு அடங்குகிற வரைக்கும்.